டெனிஸுக்கு வைத்த வழியனுப்பு விருந்து

நான் பாடம் நடத்தும் அமெரிக்க நர்சிங் கல்லூரியின் ஒரே கறுப்பினப் பேராசிரியை டெனிஸ். டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்டது என்பதால் இன்று மதியம் அவருக்கு வழியனுப்பு விருந்து. ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரிலிருக்கும் இந்தியக் கடையிலிருந்து ஒரு டிரே புளியோதரை கொண்டுபோயிருந்தேன்.

சாப்பாட்டுக்கு நடுவே துறைத் தலைவர் எழுந்தார். "இன்னொரு பிளாக் புரொபசரை ரெக்ரூட் பண்ண கமிட்டி போடறோம். டெனிஸ், போறதுக்குள்ள நீங்களே அதை நடத்திக் கொடுத்துடுங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவங்க போறதே உங்க கமிட்டிங்களாலதான்! எல்லாத்துலயும் அவங்க பேரைப் போட்டா ரிசர்ச் எப்போ பண்ணுவாங்க? இருக்கறவங்களையே வெச்சுக்கத் தெரியல, புதுசா ஆள் தேடறீங்களா?"

விருந்துக்கு வந்திருந்த கல்லூரி டீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "டெனிஸ், என்ன செஞ்சா இருப்பீங்க?" என்றார்.

"ஒரு கமிட்டி போதும். ஸ்டூடண்ட்ஸுக்கு நான் மென்டர் பண்றதையும் புரமோஷனுக்குச் சேர்த்துக்கணும்."

"சரி."

சாயங்காலத்துக்குள் எழுத்திலேயே வந்துவிட்டது. டெனிஸ் டெக்சாஸுக்கு 'வரவில்லை' என்று சொல்லிவிட்டு, மிச்சப் புளியோதரையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்தப் புதுக் கமிட்டிக்குத் தலைவி யார் என்கிறீர்களா? வாயைக் கொடுத்த நானேதான். சேர விருப்பமுள்ளவர்கள் கீழே கமெண்டில் கை தூக்கலாம், புளியோதரை உண்டு.