சமமாகத் தொங்கிய பாரம்

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சங்கிலியக்கா என்றால்தான் தெரியும். கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. அவள் பொறுப்பில் இருந்த சங்கிலிகளையோ ஒரு லாரி தாங்காது. எல்லாம் கிரேன் கொக்கியில் மாட்டிப் பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பார்ப்பாள். கீறல் விட்டிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா என்று. பேன் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள் என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

"பேன் கடிச்சா யாரும் சாகமாட்டாங்க" என்பாள், தலை நிமிராமல்.

அவள் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். பாரத்துக்குச் சங்கிலி மாட்டி, கிரேன் டிரைவருக்குக் கைச்சாடை காட்டுகிற வேலை. கெட்டிக்காரர், ரோஷக்காரர். ஒரு மாதத்துக்கு முன்பு அவர் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய சங்கிலியை, தேய்ந்துவிட்டது என்று எல்லார் முன்னிலையிலும் அவள் திருப்பி வாங்கி வைத்தாள்.

"வீட்டுல மட்டும்தான் அக்கா ராஜ்ஜியம்னு நெனச்சோம்" என்று ஒருவன் சொல்ல, பட்டறையே சிரித்தது.

அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகள்தான் வீட்டில் தபால்காரி. "அப்பாகிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு." "அம்மாகிட்ட எனக்குப் பசிக்கலைன்னு சொல்லு." மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது என்னவோ ஒரே அறையில். பட்டறையிலும் சங்கிலி வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் அனுப்புவார். அவள் இரவில் தலையணையை நனைத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தாரோ என்னவோ.

அன்று காலை, ஒரே வளையத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டபோது ஒரு கால் மற்றதைவிட விரல் தடிமன் நீண்டிருந்தது. நீண்ட காலில் சில கண்ணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மடங்க மறுத்தன. தாங்காத பாரத்தை யாரோ தூக்கியிருக்கிறார்கள். அப்படி இழுபட்ட இரும்புக்கு வைத்தியம் கிடையாது, வெட்டி எறியத்தான் வேண்டும். மேல் வளையத்தில் சிவப்பு பெயிண்ட் பூசி, கழித்த சங்கிலிகளுக்கான ஆணியில் மாட்டினாள். இரும்பை வெட்டும் கேஸ் கட்டர் வைத்திருப்பவர் மதியம்தான் வருவார். அதற்குள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், போனாள்.

திரும்பி வந்தபோது ஆணி காலியாக இருந்தது. அதன் கீழே துடைத்துப் போட்ட பஞ்சு உருண்டை ஒன்று கிடந்தது, ரத்தத்தில் தோய்த்தாற்போல். காயாத பெயிண்ட்.

பக்கத்து லேத் மெஷினில் நின்றவரிடம் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் எடுத்துட்டுப் போனாரு. நீங்க இல்லாத நேரமாப் பாத்து வந்த மாதிரி இருந்துச்சு. கியர்பாக்ஸ் எறக்கணுமாம், சூப்பர்வைசர் பறக்கிறாரு."

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்கவில்லை.

கடைசிக் கூடத்தில், தரையைத் தோண்டிக் கட்டிய குழிக்கு மேலே அந்த கியர்பாக்ஸ் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன அறை அளவு இரும்பு. அது சாயாமல், கோணாமல், நீர்மட்டம் வைத்தாற்போல் தொங்கியது. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் நீண்ட சங்கிலியில் பாரம் எப்படிச் சமமாகத் தொங்கும்? நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட காலை முறுக்கி முறுக்கி நீளத்தைக் குறைத்து மாட்டியிருந்தார் கணவர். கண்ணிகள் படிய வேண்டிய விதத்தில் படியாமல், ஒன்றின்மேல் ஒன்று விளிம்பில் ஏறி நின்றன. அவருடைய கெட்டிக்காரத்தனம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அவர் குழிக்குள் நின்றிருந்தார்.

பாரத்துக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. போல்ட்டும் துளையும் சேர்கிறதா என்று பார்க்க யாராவது இறங்கித்தான் ஆகவேண்டும் என்று எல்லோரும் இறங்குவதுதான் வழக்கம்.

நிறுத்து என்று யார் கை காட்டினாலும் டிரைவர் நிறுத்துவார். அவள் கை பாதி உயர்ந்தது. இறங்குகிற பாரம் சட்டென்று நின்றால் குலுங்கும். அந்தக் குலுக்கலே போதும், முறுக்கிய கண்ணி போய்விடும். கையை இறக்கிக்கொண்டாள். கத்தினாலும் கணவர் திரும்பிப் பார்ப்பாரே தவிர ஏறமாட்டார். ஒரு நொடியில் அவளுக்கு எல்லா வழியும் அடைந்துபோயிற்று. குழியின் ஏணியில் இறங்கினாள்.

அவளைப் பார்த்ததும் அவரே மெதுவாகக் கையை விரித்து டிரைவரை நிறுத்தச் சொன்னார். பாரம் லேசாக ஆடி அடங்கியது. எங்கோ ஒரு கண்ணி கிரீச்சிட்டது.

"இங்கயும் வந்துட்டியா" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "மானத்த வாங்கினது போதாதா?"

"ஏறுங்க."

"மேல எத்தன பேர் பாக்கிறான் தெரியுமா? போ."

"கால்ல விழுறேங்க. விழுந்தா எந்திரிக்க நேரமில்ல, அதான் விழல. ஏறுங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா. நீங்க ஏறினாத்தான் நான் ஏறுவேன்." அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேரும் இங்கயே கிடந்தா நம்ம பொண்ணு யார்கிட்ட போய் யார் சொன்னதச் சொல்லுவா?"

அவர் மேலே பார்த்தார். தானே போட்ட முறுக்கை, கீழே நின்று, அப்போதுதான் முழுதாகப் பார்த்தார் என்று தோன்றியது. அவளை முன்னால் தள்ளி ஏணியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறினார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, விரலை மட்டும் அசைத்து, மெல்ல, மெல்ல என்று இறக்கச் சொன்னார்.

பாரம் குழிக்குள் பாதி இறங்கியிருக்கும். துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். கியர்பாக்ஸ் ஒருபக்கம் சரிந்து, அவர் நின்றிருந்த மூலையில் குத்தி இறங்கியது. ஏணி தீக்குச்சியாய் முறிந்தது. அறுந்த சங்கிலி ஒருமுறை காற்றில் சுழன்று சுவரை அறைந்தது.

கிரேன் அறைக்குள் டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அவள் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் சரிந்தாள். சட்டையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. விடு என்றால் விரல்கள் கேட்கவில்லை.

"நல்ல சங்கிலி உள்ள இருந்துச்சுங்க" என்றாள். "அதே அளவு. காலையிலதான் பாத்து வச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே. நான் வர்றவரைக்கும் பொறுத்திருக்கலாமே."

அவர் குனிந்தே இருந்தார். நகக்கண்களில் சிவப்பு பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"உன்கிட்ட கேக்கணுமேன்னுதான் கேக்கல" என்றார்.

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் குழியைப் பார்த்தபடியே இருந்தார்.