சொல்லாமல் விட்ட வீடு

என் மச்சாள் கமலாதேவி துவக்கு வாங்கிய செய்தி எனக்கு வந்தபோது நான் ஒஸ்லோ நகரத்து எல்லிங்ஸ்ருட்டில், என் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் சொன்னவர் என் அண்ணர் சச்சிதானந்தன், அதாவது அவளுடைய புருசன்.

"யோகமலர், உன்ரை மச்சாள் துவக்கு எடுத்திட்டா."

"ஐயோ அண்ணை, என்ன சண்டை? நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?" என்று கத்தினேன். சண்டை ஒன்றுமில்லையாம், விளையாட்டுக்காம். மண்ணால் செய்த தட்டை ஒரு இயந்திரம் வானத்தில் எறியுமாம், இவள் அதைச் சுட்டு விழுத்துவாளாம். ஐம்பதை எட்டப்போகிற பொம்பிளைக்கு வந்த விளையாட்டைப் பாருங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மச்சாள் எனக்கு இரண்டு வயது இளையவள். அதனால் நான் அவளை 'அவள்' என்று எழுதுவதில் குற்றமில்லை. எண்பதுகளில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் நின்று முள்ளெடுத்தவள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஹவுகன்ஸ்டுவா தொடர்மாடியில் குடியேறி, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலையில் கெட்டிக்காரி, சமையல் சுமார், வாய் மட்டும் ஓயாது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற நோர்வேக்காரரைக்கூட விடமாட்டாள். பையை மடியில் எடுக்கவைத்து, பக்கத்தில் இருந்து, அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

இந்தத் துவக்குப் பைத்தியம் வேலைத்தலத்துச் சுற்றுலாவில் தொற்றியது. எல்லாரையும் ஒரு சுடும் இடத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தடவை சுடச் சொல்லியிருக்கிறார்கள். மச்சாளின் முதல் வெடியிலேயே தட்டு தூளாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் அது தப்பிப் போயிருந்தால் நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்போம். அடுத்த குளிர்காலமே அவள் வேட்டைக்காரருக்கான பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினாள். சாப்பாட்டு மேசையில் அண்ணர் படத்தைக் காட்டி எந்த வாத்து, ஆணா பெண்ணா என்று கேட்பார், இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொல்வாள். பரீட்சையில் பாஸ், அனுமதியும் வந்தது. சீலை அலுமாரிக்குப் பக்கத்தில் துவக்குக்கென்று ஒரு இரும்பு அலுமாரியும் வந்து நின்றது.

சுட இடம் வேண்டுமே. அதற்கும் கடவுள் வழி காட்டினார். ஒஸ்லோவுக்கு வெளியே கொங்ஸ்விங்கர் பக்கம், காட்டோரமாக, அண்ணர் மிளகாய் நடவென்று ஒரு சின்னக் காணி வாங்கியிருந்தார். மிளகாய் ஒன்றும் வரவில்லை. காணியின் பின்பக்கத்தில் கிரவல் மண் தோண்டியெடுத்த பழைய கிடங்கு ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் பனை உயரத்துக்கு மண், அதற்கு அப்பால் ஆட்கள் நடமாட முடியாத சதுப்பு. கேட்கவேண்டிய இடங்களில் எல்லாம் கேட்டு, அங்கே தட்டுச் சுடலாம் என்று ஆயிற்று.

நான் நேரிலேயே போய் ஏசினேன். "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்து நீரே வெடி வைக்கப்போறீரோ? வெக்கமில்லையோ?"

மச்சாள் கோபப்படவில்லை. "அங்கை வைச்சவங்கள் ஒருத்தரும் சொல்லிப்போட்டு வைக்கேல்லை, மச்சாள். நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வைப்பன். சொல்லாமல் ஒரு வெடியும் வையன்."



சொன்னபடியே செய்தாள். அக்கம்பக்கத்தில் துவக்கு வைத்திருக்கிற நோர்வேக்காரர் என்றால் தபால்பெட்டியில் ஒரு துண்டுக் கடதாசி போடுவார்கள், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்புவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதுமா? ஒரு பூப்புனித நீராட்டுக்கே புருசனும் பெண்சாதியுமாக நேரில் போய்ச் சொல்லாவிட்டால் மனிசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். மச்சாள் பயற்றம் பணியாரம் சுட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு, அண்ணரையும் இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "வாற சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கடை கிடங்கிலை தட்டுச் சுடப்போறம். இரண்டு மணிக்கு முடிச்சிடுவம். ஞாயிற்றுக்கிழமையிலை ஒருநாளும் சுடமாட்டம். மாடு கண்டு போடுற நேரமெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறம்." இதுதான் அவள் ஒவ்வொரு படியிலும் சொன்னது. நோர்வே மொழியில் சொன்னதைத்தான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணையில் கூன்வோர் என்று ஒரு பெண், மாடு வளர்ப்பவள், நல்ல சிரிப்புக்காரி. அவள் வீட்டில் கோப்பி குடித்துவிட்டு எழும்பும்போது மச்சாள் கேட்டாள்: "அந்தப் பாதைத் திருப்பத்திலை உள்ள சிவப்பு வீட்டுக்கும் போகோணும். ஆர் அங்கை இருக்கினம்?"

"தூர்லைஃபோ? அந்தாளுக்குக் காது கேளாது. பீரங்கி வெடிச்சாலும் தெரியாது. அவருக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள் கூன்வோர்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அண்ணருக்கும் கால் வலித்தது. அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன், யாருக்காவது காயம் பட்டால் ஆம்புலன்சுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டாமா? பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையில் ஒரு கார் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. முறைப்பாடு சொல்லத்தான் திரண்டு வருகிறார்கள் என்று அண்ணருக்கு முகம் வெளிறிவிட்டது. கார்க் கதவுகள் திறந்தன. கூன்வோர் கேக்கோடு இறங்கினாள், அவள் புருசன் மடக்குக் கதிரைகளோடு இறங்கினான். மற்றவர்கள் சுடுதண்ணிப் போத்தலும் கோப்பியும் தங்கள் தங்கள் துவக்குகளுமாக வந்து சேர்ந்தார்கள். பலகாரப் பெட்டியோடு ஒருவர் வீடு தேடி வந்து நாளும் நேரமும் சொன்னால் அது அழைப்பில்லாமல் வேறென்ன? எங்கள் மச்சாள் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லப்போய், ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அதுபோல ஒரு மத்தியானத்தை நான் நோர்வேயில் கண்டதில்லை. அண்ணர்தான் தட்டெறியும் இயந்திரத்தின் கயிற்றை இழுப்பவர். குளிர்த் தொப்பிக்கு மேலே காதுமூடியும் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். மச்சாள் துவக்கைத் தோளில் வைத்து "விடு!" என்று தமிழில் கத்துவாள், அவர் இழுப்பார். அண்ணருக்கு அந்தச் சொல் மட்டும்தான் விளங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் "வீது! வீது!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆறடி உயரத் தாடிக்காரன் ஒருவன் அண்ணரைப் பார்த்து "வீது!" என்று கெஞ்சியபோது நான் சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கால் வந்தது. முடிந்ததும் மச்சாள் வெற்றுத் தோட்டாக்களையும் உடைந்த தட்டுகளையும் பொறுக்கி அரிசிப் பையில் கட்டினாள். அவள் குனிவதைப் பார்த்து எல்லாரும் குனிந்தார்கள்.

அந்தக் கோடையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்படி ஆயிற்று. மச்சாள் ஆளே மாறிப்போனாள். இருபது வருசமாக இந்த நாட்டில் வேலைத்தலத்துக்கு வெளியே அவளை ஒரு நோர்வேக்காரரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இப்போது கூன்வோர் வெண்ணெய் கொடுத்து அனுப்புகிறாள், தாடிக்காரன் உருளைக்கிழங்குக்கு எரு கொண்டுவந்து கொட்டுகிறான். சனிக்கிழமை வருகிறதென்றால் வியாழனே அவள் முகத்தில் தெரியும்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது, கிடங்குக்குத் திரும்பும் பாதையின் குறுக்கே சங்கிலி கட்டிக் கிடந்தது. அதில் ஒரு ஆமைப்பூட்டு. பக்கத்தில், முழங்கால் வரை சப்பாத்துப் போட்ட வயதான மனிசர் ஒருவர் நின்றார். அவர்தான் தூர்லைஃப். பாதை அவருடைய காட்டுக்குள்ளால் போகிறது, பூட்ட அவருக்கு உரிமை உண்டு.

"சத்தம் தாங்கேலாமல் கிடக்கு. இனி என்ரை பாதையாலை ஒருத்தரும் கிடங்குக்குப் போகேலாது" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பின்னால் நின்ற கார்களிலிருந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். கூன்வோருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "காது கேளாத மனிசன் சத்தமெண்டு முறைப்பாடு சொல்லுது!" தாடிக்காரனும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் நகரசபைக்கு எழுதலாம் என்றார். ஒருவர் மற்றப் பக்கத்தால் பாதை வெட்டலாமோ என்றார், அங்கே சதுப்பு, மாடு போனாலும் புதையும். கொஞ்ச நேரத்தில் கேக்கை வெட்டாமலே எல்லாரும் திரும்பிப் போனார்கள். காணிப் பக்கம் பனை உயர மண்மேடு, வேறு பாதை கிடையாது. பாதை இல்லையென்றால் கிடங்கு இல்லை, சனிக்கிழமையும் இல்லை, கார்களும் வராது. மச்சாளுக்கு வாய்த்த ஒரேயொரு அயல் அன்றைக்கே கலைந்துவிடும் போலிருந்தது.

அவள் மட்டும் சிரிக்கவேயில்லை. காருக்குள் ஏறி, யன்னலால் அந்தச் சிவப்பு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், உங்கடை கலியாணத்துக்கு வராமல் நிண்ட சித்தப்பாவை ஞாபகமோ?" என்றாள் திடீரென்று.

மறக்க முடியுமா? கார்ட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்காமல் யாரோ கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்று சித்தப்பா கலியாணத்துக்கே வரவில்லை. வராத கலியாணத்தில் சோறு வேகவில்லை, கறியில் உப்பில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

"இதுவும் அதுதான்" என்றாள் மச்சாள். "அந்தாளுக்குச் சத்தத்திலை ஒரு கோபமும் இல்லை. நான் எல்லா வீட்டுக்கும் போட்டு, ஒரு வீட்டை விட்டிட்டன்."

"நோர்வேக்காரருக்கு உந்த ரோசமெல்லாம் வராது" என்றேன் நான்.

"மனிசருக்கு வரும்" என்றாள் அவள்.

அடுத்த நாள் ஞாயிறு. தொலைபேசியில் சொல்லிவிடு என்று நான் சொன்னதை அவள் பொருட்படுத்தவேயில்லை. காது கேளாதவருக்குத் தொலைபேசியாம், எனக்கு வந்த புத்தி! காலையிலேயே எழும்பிப் பணியாரம் சுட்டாள். அரக்குப் பட்டுச் சீலை கட்டினாள், அண்ணருக்குக் கோட்டு மாட்டினாள். கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவர்கள் போலவே கிளம்பினார்கள். காரை நான் ஓட்டினேன்.

தூர்லைஃப் கதவைத் திறந்து, சீலையையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. மச்சாள் அவருக்கு நேரே நின்று, முதியோர் இல்லத்தில் பேசுவதுபோல, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். "எல்லா வீட்டுக்கும் வந்து சொன்னனான். உங்கடை வீட்டுக்கு வரேல்லை. அது என்ரை பிழை."

கூன்வோர் சொன்னாள் என்றோ, அண்ணருக்குக் கால் வலித்தது என்றோ ஒரு சாக்கும் சொல்லவில்லை. நானாயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

"எனக்குச் சத்தந்தான் கரைச்சல்" என்றார் அவர், பிடிவாதமாக.

மச்சாள் பணியாரப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றாள். எனக்கென்றால் எப்போது காருக்குள் ஓடி ஏறலாம் என்றிருந்தது. அவர் திரும்பி, பாதையைப் பார்த்திருக்கும் தன் குசினி யன்னலைப் பார்த்தார்.

"எல்லாக் காரும் இந்த யன்னலுக்கு முன்னாலைதான் போனது" என்றார். "கூன்வோர் மடியிலை கேக்கை வைச்சுக்கொண்டு போனவ. ஒவ்வொரு முறையும் கோப்பித் தண்ணி கொதிக்க வைச்சனான். ஒரு காரும் நிக்கேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. நானும் மூன்று முறை அந்த யன்னலைக் கடந்து போனவள்தான்.

பிறகு அவர் கதவை அகலத் திறந்தார். கோப்பி போட்டார். மூன்று பேரும் குடித்தோம். எங்கள் ஆட்களிடம் கோபித்த வீட்டில் வாய் நனைத்தால் பாதிக் கோபம் தீர்ந்தது என்று கணக்கு. அவர் பணியாரத்தை மணந்து பார்த்து, கடித்து, இன்னொன்று எடுத்தார். அப்போது மச்சாள் எழும்பி, அண்ணரையும் கண்ணால் எழுப்பி, முறையாகச் சொன்னாள்.

"வாற சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிடங்கிலை தட்டுச் சுடப்போறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"கனக்கச் சத்தமாய் இருக்குமோ?" என்று கேட்டார் தூர்லைஃப்.

காரியம் கெட்டது என்று அண்ணர் பதறி, "இல்லை இல்லை, அவ்வளவு இராது" என்று தொடங்கினார். மச்சாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஓம், நல்ல சத்தமாய் இருக்கும்" என்றாள்.

மனிசர் ஆணியில் தொங்கிய ஆமைப்பூட்டுத் திறப்பைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நல்லது. கிட்ட நிண்டால் எனக்கும் கொஞ்சம் கேக்கும்."