வாளி முருங்கை

வேலைக்குக் கிளம்புமுன் மரியதாசன் அண்ணை வாளியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். மயோனைஸ் வந்த வெள்ளை வாளி. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் சன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழும். மற்றப் பக்கம் கோபித்துக்கொள்ளும் என்பதுபோலத் திருப்புவார். பிறகுதான் தொப்பியைப் போடுவார், சப்பாத்தைத் தேடுவார்.

வாளிக்குள் முருங்கை. மன்னாரிலிருந்து அவர் மனைவி கத்தரீனா மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒளித்து அனுப்பிய விதை. போன கோடையில் நெஞ்சளவு வந்துவிட்டது. அவரும் நானும் நிருபனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூவருக்கும் ஒரே இறைச்சி ஆலை. நாள் முழுக்கப் பன்றி எலும்போடு மாரடித்துவிட்டு வந்து, ஒரு பிடி இலை கிள்ளிச் சொதி வைக்கலாம் என்றால் விடமாட்டார்.

"தொடாதேங்கோ. அது கத்தரீனாவுக்கு. அவளுக்கு இரத்தம் காணாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இலையை முட்டையோட வறுத்துக் குடுக்கவேணும்."

கேட்காமலே மற்றதும் வரும். நண்டுக்கறி இறக்கும்போது ஒரு பிடி இலை. சுளுக்குக்குப் பட்டையும் உப்பும் இடித்துக் கட்டு. இவ்வளவும் சொல்லும்போது அடுப்பில் அவிவது உருளைக்கிழங்கு.

"முருங்கையில பேய் குடியிருக்குமாம் அண்ணை," என்று நிருபன் சீண்டுவான்.

"விசா குடுத்தால் அதுவும் வரட்டுமன்."

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட அவர் எண்பத்தேழில் போட்ட விண்ணப்பம் இரண்டாவது வருசமாய் இன்னும் கிடக்கிறது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. போன ஐப்பசியில் வக்கீல், மார்கழி நத்தாருக்குள் வந்துவிடுவார்கள் என்று ஏதோ ஆறுதலுக்குச் சொல்லிவைத்தார். மனுசன் அன்றைக்கே கத்தியை எடுத்து முருங்கையை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிட்டார். ஊரில் அப்படித்தான், தறித்தால் கொழுந்து குப்பென்று தள்ளும். கத்தரீனா வந்து இறங்கும்போது இளம் இலை வேண்டுமல்லவா?

"முத்தின இலை, நீங்கள் தின்னுங்கோ," என்று முழுவதையும் எங்களுக்குத் தந்தார்.

"இனி இங்க வெயில் எங்க கிடக்கு அண்ணை?" என்றேன்.

"ஹீட்டர் இருக்குத்தானே."

நத்தார் போனது. ஆட்களும் வரவில்லை, கொழுந்தும் வரவில்லை. தறித்த வாய் கறுத்து, பட்டை சுருங்கிவிட்டது. மேலிடத்தில் எங்கள் கோப்புகளை யாரும் தொடுவதே இல்லையாம் என்று பக்கத்து நகரம் வைலேயிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

"வக்கீலுக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்," என்றான் நிருபன்.

"அந்தாள் வேலையா இருக்கும்," என்றார். எடுக்கவில்லை.

போன ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"உயிர் கிடக்கோ எண்டு கீறிப் பாப்பம் அண்ணை. உள்ளுக்குப் பச்சை தெரிஞ்சால் விடுவம், இல்லாட்டி எறிவம்."

பட்டையில் நகத்தை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நோகத்தான் பிடித்தார். என் கையைத் தூக்கி, என் மடியிலேயே திரும்ப வைத்தார்.