தராசடியில் வாய்விட்டுப் படித்தது

எனக்கு மனதுக்குள் படிக்க வராது. பிள்ளை பெற்ற பிறகு முதியோர் வகுப்பில் எழுத்துப் பழகியவள் நான். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு, வாயால் சொல்லி, என் காதில் விழுந்தால்தான் என்ன எழுதியிருக்கிறது என்று பிடிபடும். பஸ் போர்டு படித்தாலும் அப்படித்தான். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தப்பான பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.

நாங்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பொம்பளைகள். சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணிச்சுற்று. இந்த வயதிலும் என் மூச்சுக்கு ஈடாக மூச்சுப் பிடிக்கிறவள் எங்கள் கரையில் குறைச்சல். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தனியாக யாரும் முங்க மாட்டோம், ஜோடி உண்டு. என் ஜோடிக்காரி என்னைவிட ரொம்ப இளையவள், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகள் பதினொன்றாம் வகுப்பு. என்னைப் பெரியம்மா என்பாள்.

பரீட்சை லீவில் அந்தப் பிள்ளை எங்களோடு கரைக்கு வந்து, நாங்கள் பாசி மூட்டையை இழுத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து ஏறுவதைப் போனில் படம் பிடித்தாள். "என்னைய நல்லா எடு புள்ள, மூக்குத்தி தெரியணும்" என்று சொன்னவளே நான்தான். 'எங்க அம்மா வேலை' என்று எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி அதைப் போட்டாள். ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். போன் சத்தம் போட்டால் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டில் நாட்டமில்லை. அன்றைக்கு அவள் அம்மா அந்தப் பக்கம் பாசியை மணலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நானும் பிள்ளையும் கரையேற்றிப் போட்டிருந்த வத்தைப் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். "அந்தப் படத்தக் காட்டு, என்னையப் பாத்து நாளாச்சு" என்றேன். காட்டினாள். படத்துக்குக் கீழே வரிவரியாக எழுத்து.

"என்ன எழுதியிருக்காக?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. நல்லாருக்குன்னு போட்டிருக்காக."

"அப்பக் குடு, என் பெருமைய நானே படிச்சுக்கிறேன்."

படித்தேன். 'கிழவிய விட்டுட்டு பின்னாடி வர்றவள கிட்ட காட்டு' என்று ஒருவன். அது ஒன்றைத்தான் இங்கே எழுதலாம். மற்றதை எழுதினால் தாள் நாறும். நனைந்த சேலையோடு உழைத்துவிட்டு வருகிறவளின் உடம்பை அங்கம் அங்கமாக வெட்டிப் பேசியிருந்தார்கள். மீனைக் கூட நாங்கள் அப்படி அரிய மாட்டோம்.

அப்போதுதான் போனின் மேல்பக்கம் பிள்ளைக்கென்று தனியாக ஒரு செய்தி வந்து விழுந்தது. என் விரல் பட்டு அது திறந்துகொண்டது. பிள்ளை போனைப் பறிக்க வந்தாள், நான் விடவில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு மூஞ்சி. தெரிந்த மூஞ்சி. எங்கள் பாசியை எடை போட்டு வாங்குகிறவன். தினமும் அக்கா அக்கா என்கிறவன், எங்கள் தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்தவன். அவன் தன் மூஞ்சியைக் கூட மறைத்துக்கொள்ளவில்லை. பாசி எடுக்கிறவளுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியம். நான் எழுத்துக் கூட்டினேன்:

'உங்கம்மா ஈரத்தோட ஏறுறத கிட்ட நின்னு எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. இல்லாட்டி நீதான் அம்மாவ ஊருக்கே காட்டுனேன்னு உங்க அய்யாகிட்டச் சொல்லிருவேன்.'

முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் அம்மா பாசியும் கையுமாக நிற்கிறாள். நான் படித்த அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகுதான் பேசினாள்.

"எதாச்சும் அனுப்புனியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"எத்தன நாளா எழுதுறான்?"

"படத்தப் போட்டதுலருந்து."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"அய்யாவுக்குத் தெரிஞ்சா ஒன்னயக் கடலுக்கே விட மாட்டாரும்மா."

அவள் மகளை அடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. பிள்ளை விம்மிக்கொண்டே, "எல்லாத்தையும் அழிச்சுறேன்" என்றாள். "ஒண்ணையும் அழிக்காத" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவன் தராசடிக்கு வா. இத அங்கன படி."

"எல்லாப் பொம்பளையளும் நிப்பாளுகளே."

"நிக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு?"

போனோம். கூட்டம் இருந்தது. "வாங்கக்கா, வெயில்ல நிக்காதீக" என்றான் அவன். தினமும் கேட்கிற அதே தேன் ஒழுகுகிற குரல்.

"தம்பி, இங்கன ஒண்ணு எழுதியிருக்கு. கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். சரியான்னு பாத்துச் சொல்லு" என்று ஆரம்பித்தேன். "உ... ங்... க... ம்... மா..."

முதலில் சிரித்தவர்கள் இரண்டாவது சொல்லில் அடங்கிவிட்டார்கள்.

"அக்கா, போதும்க்கா. எவனோ என் போன எடுத்து..."

"இருப்பா, இன்னும் முடியல. நான் மெதுவாத்தான் படிப்பேன்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி, "அந்த ஈரம்னு வர்ற எடத்த இன்னொருக்காப் படிக்கா, எனக்குக் காதுல விழல" என்றாள். படித்தேன்.

"பொம்பளப் புள்ள விசயத்த இப்பிடிச் சந்தியில படிக்கலாமா?" என்றான்.

"எழுதுறப்ப இனிச்சதுல்ல? கேளுடா" என்றாள் என் ஜோடிக்காரி.

அவனுக்கும் எங்கள் பிள்ளை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அதைச் சொல்லக் கூட எனக்குக் கூச்சமாக இருந்தது, அவன் பெற்ற பிள்ளை என்ன பாவம் செய்தது. பொம்பளைகள் தராசில் ஏற்றிய மூட்டையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். அதிலும் ஒருத்தி போகிற போக்கில், "இதுக்குத்தான் குமரிக்குப் போனக் குடுக்கக் கூடாதுங்கிறது" என்று சொல்லிப் போனாள். அவன் மேல் வந்த அருவருப்பு அவள் மேலும் வந்தது. அசிங்கம் செய்தவன் ஒருத்தன், கை காட்டுவது பிள்ளையின் பக்கம்.

பிள்ளை மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னவள் நான் ஒருத்திதான், மற்றவர்களை அவள் கேட்கவில்லை. அது அவளுக்கே உறைத்தது. அவன் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, ஊருக்குப் போட்ட படத்தை மட்டும் நீக்கிவிட்டு, அதில் இருந்த ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் வாயைக் கடல் தண்ணீரால் கொப்பளித்தேன். அப்படியும் அந்தச் சொற்கள் பல்லிடுக்கில் கிடந்த மாதிரியே இருந்தது.

மறுநாள் காலையில் ஜோடிக்காரியைக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனேன். புருசன்காரர் டீக்கடையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"இனிமே நீ முங்க வேணாம்."

"அவன் எழுதுனதுக்கு நான் ஏன் கரையில ஒக்காரணும்?"

"ஊரு பேசுதுல்ல."

"நீ இதத்தான் சொல்லுவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, நம்ம புள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு. அத வச்சுத்தான்யா அவன் அவளப் பிடிச்சுக்கிட்டான்."

அந்த நேரம் போன் சத்தம் போட்டது. பிள்ளை பார்த்தாள். முகம் வெளுத்தது. வேறு நம்பர், அதே நாய். அவன் எழுதினதையெல்லாம் அழிக்கவில்லையென்றால் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் பரப்புவானாம்.

அவள் போனை மறைக்கவில்லை. எழுந்து போய்த் தன் அய்யாவிடம் நீட்டினாள்.

"படிங்கய்யா. மேலயிருந்து படிங்க."

அவர் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்கக் கழுத்து நரம்பு புடைத்தது. நடுவில் ஒருமுறை திரும்பி வாசலில் துப்பினார். அரிவாளைத் தேடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் மகளிடம், "ஆத்தா, இது ஒண்ணும் அழியாதுல்ல?" என்று கேட்டார்.

"அழியாதுய்யா."

"அப்பக் கெளம்பு. ராமநாதபுரம் போயி போலீஸ்ல குடுப்போம்." பெண்டாட்டியைப் பார்க்காமலே, "தண்ணி ஏறுறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார்.

போனோம். அன்றைக்கு முங்கி எழுகிறபோதெல்லாம் என்னை அறியாமல் கரையைப் பார்த்தேன், யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று. இத்தனை வருசம் ஏறி வந்த கரை. ஒருநாளும் அப்படிப் பார்த்தவள் இல்லை நான்.