வெடிக்க மறுத்த போளி

என் மனைவி எங்கள் மலையூர் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. வெளியூரிலிருந்து இரண்டு ஆசிரியைகள் அவள் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால், சேலத்தில் மற்ற ஆசிரியர்கள் முன்னால் அதே பாடத்தை நடத்தக் கூப்பிடுவார்கள். முன்பு இரண்டு முறை வந்தவர்கள் நன்றாகத் தலையாட்டினார்கள்; கூப்பிடவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று அவள் தேர்ந்தெடுத்த பாடம், கடலைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்குக் கடலடியில் முளைக்கும் குட்டி எரிமலைகள்.

பெரும்பாலான எரிமலைகள் பூமியின் இரண்டு பாறைத் தட்டுகள் மோதும் இடத்திலோ விலகும் இடத்திலோ வரும். சில, ஆழத்திலிருந்து பெருஞ்சூடு எழும் இடத்தில் வரும். இந்தக் குட்டிகள் எதிலும் சேராதவை. கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் நுழைவதற்கு வெகுதூரம் முன்பே வளையத் தொடங்குகிறது. வளைவில் விரிசல் விழுகிறது. தட்டுக்குக் கீழே ஏற்கெனவே கொஞ்சமாக உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு அந்த விரிசல் வழியே கசிந்து மேலே வருகிறது.

இதை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே, வாங்கி வந்திருந்த கடைப் போளி ஒன்றை அவள் மடித்தாள். மடிப்பில் வெடித்துப் பூரணம் எட்டிப் பார்த்தது.

“ஏனுங்க, இங்க பாருங்க! இதேதானுங்க!”

“குழம்பு தட்டுக்கு அடியிலதானே இருக்குது? பூரணம் நடுவுல இருக்குதே,” என்றேன். நான் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஒன்று சரியில்லை என்றால் சொல்லாமல் இருக்க வராது.

“கீழ்த்தோலை விட்டுட்டு மேல்தோலை மட்டும் பாருங்க. எல்லாத்துலயும் கணக்குப் பாத்தா பிள்ளைங்க தூங்கிப்போகும்.”

ஆனால் கடைப் போளியை வகுப்புக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் போளி என் பொறுப்பு. மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்து, எல்லாம் ஒரே கனமாகத் தட்டி, நெய் விட்டுச் சுட்டேன். ஆறிவிடக் கூடாதென்று ஹாட்பேக்கில் அடுக்கி, நானே பள்ளிக்குத் தூக்கிச் சென்றேன். வந்திருந்த ஆசிரியைகள் கடைசி பெஞ்சில் தங்கள் பக்கத்திலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

மனைவி ஒரு போளியை மேசை விளிம்பில் வைத்து வளைத்தாள். கைக்குட்டை போல மடங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

பக்கத்து ஊரான வாழவந்தியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், வெடிக்கலைங்களே.”

“எரிமலைக்கு இன்னைக்கி லீவுங்க டீச்சர்,” என்றான் ஒரு பையன்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சார் சுட்டதுடா சாமி,” என்றாள் அவள். “அவரும் அப்படித்தான். ஊட்டுல என்ன சொன்னாலும் வெடிக்க மாட்டாரு.” கடைசி பெஞ்சும் சிரித்தது. அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “சரி, ஏன் வெடிக்கலை? சொல்லுங்க.”

“சூடா இருக்குதுங்க டீச்சர்.”

“நொம்ப மெத்துனு இருக்குதுங்க.”

அவள் சட்டென்று இரண்டு போளிகளைத் தட்டில் பரப்பி, ஜன்னல் கல்லின் மேல் வைத்தாள். வெளியே மூடுபனி, ஜன்னல் வழியே குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. போளி குளிரும்வரை பாடம் நடந்தது. கடல்தரை உருவாகும்போது சூடாக இருக்கும். பிறந்த இடத்தைவிட்டு நகர நகர ஆறி விறைக்கும். இந்தக் குட்டி எரிமலைகளைக் கண்டுபிடித்தது அப்படி ஆறிப்போன பழைய தரையில்தான் என்றாள். எழுதி வைத்திருந்த வரிசையில் இது கடைசியில் வர வேண்டியது.

பிறகு தட்டை எடுத்தாள். நெய் உறைந்து போளி அட்டை மாதிரி நின்றது. வளைத்ததும் மேல்தோல் பிளந்தது. பூரணம் துளியூண்டு மேலே வந்து நின்றது.

“பாத்தீங்களா? பொங்கி ஊத்தலை. கொஞ்சூண்டுதான் வந்துது. அதனாலதான் மலையும் குட்டி.”

“டீச்சர், எரிமலையைத் திங்கலாங்களா?” என்றான் அதே பையன்.

வகுப்பு முடிந்ததும் மூத்த ஆசிரியை மேசைக்கு வந்தார். “முதல்ல வெடிக்காத மாதிரி வச்சீங்களே, திட்டம் போட்டுத்தான் செஞ்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

“இல்லைங்க மேடம். அது இவரோட கைவண்ணம்.”

“அப்ப சேலத்துக்கு இவரையும் கூட்டிட்டு வாங்க. வெடிக்காத போளி இல்லீன்னா இந்தப் பாடம் பாதிதான்.”

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை மெதுவாக ஓட்டியபடி, “அப்ப என்னாலதானே கூப்பிட்டாங்க?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, உங்களாலதான்,” என்றாள் பின்னாலிருந்து. “அப்படியே, சேலத்து வெயில்ல போளி எப்படி விறைக்கும்னும் நீங்களே யோசிச்சு வைங்க.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.