கருப்பனுக்காக ஒரு பஸ் பயணம்

"நாளைக்குக் காலையில நாய்க்குட்டியோட மலத்தை இதுல எடுத்துட்டு வாங்க. புழு இருக்கான்னு பாத்துருவோம்" என்று தேனியில் கால்நடை மருத்துவர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்ன வயதில் அம்மாவோடு போன ஒரு பஸ் பயணம் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சின்னமனூரில் எங்கள் நாய் கருப்பன் மெலிந்து, ஈறெல்லாம் வெளுத்து, எழவே முடியாமல் கிடந்தான். பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உத்தமபாளையம் டாக்டர் மலத்தைக் கொண்டுவரச் சொன்னதால், அம்மா அதை வாழையிலையில் பொதிந்து தூக்குவாளிக்குள் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தானாகவே வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஆத்தா, பலகாரமா?"

அம்மா நெளிந்தாள். "இல்லக்கா, நாயோட பீ. டாக்டர் கொண்டாரச் சொன்னாக."

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் வாளியை விடவில்லை. "அதுவும் உசுருதானே. நீ எறங்குற வரைக்கும் இங்கனயே இருக்கட்டும்."

டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, கொக்கிப்புழு முட்டைகள் இருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒன்று. கருப்பன் படுக்கும் இடத்தில் நான் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒருநாள், வாசலில் காய்ந்த கருவாட்டைக் கவ்விக்கொண்டு கருப்பன் தெருவில் பாய்ந்தான்.

"ஏலே, நில்லுலே!" என்று அம்மா துரத்தினாள். அத்தனை சந்தோஷமாக அவள் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.