ஜீப்புக்கு பிரேக் போட்டவர்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிக்கிற ஆள். அவர் பொறுமையாக உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் ஆம்புலன்சின் டிரைவர் சீட்தான். அப்படிப்பட்ட மனுஷர், ஒரு நாள் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து மாடிப்படியில் இறக்கும்போது கால் பிசகி விழுந்தார். வலது முட்டி போச்சு. ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

காயம் ஆறிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. தினமும் மடக்கிப் பழக்கினால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மாவுக்கு இவர் வைத்த பெயர் திருகாணி. அந்த அம்மா காலில் கை வைப்பதற்கு முன்பே "ஐயோ, விட்டுடுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஊர்ப்பட்ட ஜனங்களின் அலறலை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினவருக்கு, சொந்த வலி என்றால் அத்தனை நடுக்கம்! கெஞ்சினேன், திட்டினேன், பட்டினி போடுவேன் என்று மிரட்டினேன். ஊஹூம்.

ஆம்புலன்ஸ் ஷெட் சூப்பர்வைசர் நலம் விசாரிக்க வந்தார். திரும்பும்போது வாசலில் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"லீவு முடிஞ்சு வந்ததும் பிரேக் டெஸ்ட் வெப்போம்மா. ஒழுங்கா மிதிச்சாருன்னா வண்டி. இல்லன்னா ஸ்டோர் ரூம்ல மருந்துப் பெட்டி எடுத்துக் குடுக்கற வேலை. என் கையில ஒண்ணும் இல்ல."

ஸ்டோர் ரூமா! ஜன்னல்கூட இல்லாத அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் இவர் உயிரோடு இருப்பாரா?

இவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது? கால் மட்டும் ஸ்டூலின் மேல் கட்டை மாதிரி நீட்டியிருக்கும், மீதி உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்புவார். தெருவில் எந்த வண்டி போனாலும் "கிளட்ச் தேயுது அவனுக்கு" என்பார். நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிறவள். இவர் படுத்திய பாட்டில் ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க உட்கார்ந்தால், அதற்குள் "ஏய், இந்த ஃபேன் ஏன் ஒரு பக்கமா ஆடுது?" என்று கூப்பிடுவார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற என் தம்பி என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். அதில் உலகப் போர் விளையாட்டு ஒன்று இருந்தது. திரையில் ஒரு துப்பாக்கியும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் தெரியும். அந்தக் கை நம்முடையது என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"மாமா, படகு கரைக்கு வந்ததும் எறங்கி ஓடுங்க. எதிர்ல வர்றவனைச் சுடுங்க. அவ்ளோதான்."

"சைரன் எந்த பட்டன்?"

"சைரனா? மாமா, இது சண்டை."

"சண்டைன்னா அடிபடுவாங்கல்ல? அவங்களை யாரு தூக்கறது?"

படகு கரைக்கு வந்தது. டமால் டுமீல் என்று ஒரே சத்தம். பக்கத்தில் ஓடி வந்த சிப்பாய் ஒருவன் சுருண்டு விழுந்தான். இவர் அங்கேயே நின்றுவிட்டார். முன்னால் நின்ற ஆபீசர் ஏதோ பாஷையில் "வா, வா" என்று கத்துகிறான். இவர் "இருய்யா, ஆளு கெடக்கறான் பாரு" என்று அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டது. திரை சிவப்பானது. மறுபடியும் படகு, மறுபடியும் அதே சிப்பாய், மறுபடியும் இவர் நின்றார், செத்தார்.

"மாமா, அவன் சாகறதுக்குன்னே அங்க வெச்சிருக்கற பொம்மை. யாராலயும் காப்பாத்த முடியாது."

"சும்மா இரு மாப்ளே. அவன் கை ஆடுது பாரு."

நாள் முழுக்க இதே கூத்து. குண்டு வந்தால் நாற்காலியிலேயே தலையைக் குனிவார். ஓடினால் தோள் இரண்டும் ஓடும். டம்ளர் இரண்டு உடைந்தது. கால் மட்டும் ஸ்டூலை விட்டு அசையவே இல்லை. உலகப் போரே நடக்கிறது, இந்தப் பாழாய்ப்போன முட்டி மட்டும் மடங்கவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுத்துப் பார்த்த தம்பி, கடற்கரையைத் தாண்டி வேறொரு கட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனான். அதில் ஒரு ஜீப். டிரைவர் வேறு ஆள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுட வேண்டியதுதான்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் இவர் எப்போது சும்மா இருந்திருக்கிறார்? நான் தையல் மெஷினில் இருந்தேன். "டேய், கியரை மாத்துடா… பள்ளம்டா… யாருடா உனக்கு லைசென்ஸ் குடுத்தது!" என்று சத்தம். துப்பாக்கிச் சத்தமே இல்லை, இவர் சுடுவதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு "பிரேக்க்க்!" என்று ஒரு கத்தல், தடால் என்று ஸ்டூல் உருளும் சத்தம், கூடவே "அம்மா!"

ஆறின காயம் பிரிந்துவிட்டது, தகடு வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன். அலறிக்கொண்டு ஓடினேன். இவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். வலது பாதம் தரையில் அழுந்தியிருந்தது. முட்டி மடங்கியிருந்தது!

"என்னங்க, காலு!"

குனிந்து பார்த்துவிட்டு அவரே அரண்டுபோனார்.

அன்று வந்த திருகாணி அம்மா நம்பவில்லை. மறுபடி ஓடவிடச் சொன்னார். ஜீப் சரிவில் இறங்கியது, கால் தானாகப் போய் மிதித்தது. "என்ன மருந்து மாத்திரை சார், தினமும் ரெண்டு வேளை ஜீப்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நான் கால்ல விழாத குறையா கெஞ்சினேன், மடக்கல. வேலை போகும்னு சொன்னேன், மடக்கல. பள்ளத்துல விழுந்துடுவோம்னு பயந்து மடக்கினீங்களாக்கும்?"

"பயமா? எனக்கா?" என்றார். திரையில் ஜீப்பின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டுப் போட்ட சிப்பாய் ஒருவன் அங்கே கிடந்தான். "பின்னாடி ஆளு படுத்திருக்கான்டி. இவன் இப்படி ஓட்டினா அவன் உருண்டுட மாட்டானா?"

எனக்கு ஒரு பொம்மைமேல் பொறாமையே வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்!

டெஸ்ட் நாளும் வந்தது. ஷெட் மைதானத்தில் இவருடைய வண்டியையே நிறுத்தியிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தார். சூப்பர்வைசர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு "முதல்ல பிரேக்கை அழுத்திக் காட்டுங்க" என்றார். இவர் பெடலைப் பார்த்தார். கால் பாதி தூரம் போய் நின்றது. உதட்டைக் கடித்தார், முகம் வெளுத்தது. "இன்னும் கொஞ்சம்" என்றார் சூப்பர்வைசர். நகரவில்லை. வீட்டில் பழகினதெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டோர் ரூம் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம். விடுவிடுவென்று பின்னால் போய்க் கதவைத் திறந்து ஏறினேன். செருப்போடு ஸ்ட்ரெச்சரில் படுத்தேன்.

"என்னங்க, நான் பின்னாடி படுத்திருக்கேன். பெல்ட்டும் போடல. எடுங்க வண்டியை."

"ஏய், பைத்தியமா உனக்கு? எறங்கு!"

"மாட்டேன். நான் உருண்டு விழுந்தா உங்களைத்தான் கேப்பாங்க."

என்ஜின் உறுமியது, வண்டி நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் இவர் வண்டியில் நான் படுத்ததே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். வண்டி வளைவது தெரிந்தது, சரிவில் இறங்குவது தெரிந்தது. இப்போது மிதிப்பார், இப்போது மிதிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பின்கதவு திறந்தது. சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"எறங்குங்கம்மா. அவரு பிரேக் போட்டு வண்டி நின்னு எவ்ளோ நேரமாச்சு!"